வெள்ளிக்கிழமைக் காத்து

மீராசா: ஆ... மெல்லப் புடி புள்ள. கை முறிஞ்சிட்டு.

சுல்பிகா: முறியல்ல, வீங்கித்தான் இரிக்கி. கம்பியப் போட்டு அந்த மாதிரிச் சுத்தினா ஜீப் எஞ்சின் திருப்பி அடிக்காதா?

மீராசா: உன்ட கூடப்பொறந்த காக்காட சேனைப் பயிரப் பாக்க வந்ததுக்கு இதுவும் வேணும். பொழுது படப் போகுது... பாணமை ஊரு வரைக்கும் காட்டு மணல். ஆனை எறங்கினா...

சுல்பிகா: எஞ்சின்தான் ஸ்டாட் ஆகிட்டே. நான் ஓட்டவா?

மீராசா: நீயா? இது தையல் மெசின் இல்ல.

சுல்பிகா: சரி. அப்ப ஆனைக்கிட்டக் கேட்டுப் பாப்பம்.

மீராசா: ...ஏறு. நான் சொல்றத மட்டும் செய்யி. இடது காலால கிளச்ச...

சுல்பிகா: பொறுங்க, எறங்கிட்டு வாறன்.

மீராசா: எங்க போறாய்?... என்ன அது, உஸ்ஸெண்டு சத்தம்?

சுல்பிகா: நாலு சில்லுலயும் கொஞ்சம் காத்த எறக்கினன். மணலுக்கு அப்பிடித்தானே.

மீராசா: ஊருல பக்கத்து வீட்டு அதாவுல்லா எறக்குறான், காட்டுல நீ எறக்குறாய். இத ஆரு உனக்கு...

சுல்பிகா: கைய மடியில வச்சிக்கோங்க. போவம்.

மீராசா: ரெண்டாம் கியர... போட்டுட்டியா? பிரேக்க மிதிச்சிராத...

சுல்பிகா: மணல்ல ஆரு பிரேக் மிதிப்பாங்க?

மீராசா: முன்னால மேடு... மெல்ல... இல்ல, வேகமா...

சுல்பிகா: கொஞ்சம் கதைக்காம வாங்க.

மீராசா: ...ஏறிட்டு.

சுல்பிகா: அல்ஹம்துலில்லாஹ்.

மீராசா: வண்டிய நிப்பாட்டு.

சுல்பிகா: மணல்ல நிப்பாட்டினா புதையும். நீங்கதானே சொல்றது.

மீராசா: எங்க பழகினாய்?

சுல்பிகா: கடக்கரையில. ஜும்ஆத் தொழுக நேரம் ஆம்பிளையெல்லாம் பள்ளிக்குள்ள. வெளியில நண்டும் நாங்களுந்தான்.

மீராசா: நாங்களா? ஆரு நாங்க?

சுல்பிகா: கிளை ஒண்டு தொங்குது... குனிங்க.

மீராசா: வெள்ளிக்கிழம... அப்ப வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம நம்மட ஜீப்புக்குக் காத்துக் குறையிற...

சுல்பிகா: எல்லாக் கிழமையும் இல்ல. பள்ளியில குத்பாப் பேச்சு நீண்டா பம்பு அடிச்சி நிரப்பி வச்சிருவம். கட்டையா முடிஞ்சாத்தான் கரைச்சல்.

மீராசா: யா அல்லா! பள்ளி வாசல்ல, அவ்வளவு சனத்துக்கு முன்னால, "என்ட ஜீப்புல காத்த எறக்குறது நீதான்டா" எண்டு அதாவுல்லாட சட்டையப் புடிச்சேனே...

சுல்பிகா: அவர் உங்களுக்குப் பக்கத்துல நிண்டுதானே தொழுதார்? அதயும் யோசிக்கல்ல.

மீராசா: தொழுகைக்கு நடுவுல போய் எறக்கிட்டு வந்தான் எண்டு நெனச்சன்.

சுல்பிகா: தொழுகைக்கு நடுவுலயா? ஹஹ்ஹா...

மீராசா: சிரிக்காத. நோம்புப் பெருநாளைக்குக் கூட அவனுக்கு நான் ஸலாம் சொல்லல்ல. நீயும் வாயத் திறக்கல்லியே.

சுல்பிகா: திறந்தா சாவிய ஒளிச்சிருப்பீங்க.

மீராசா: இனி என்ன முகத்தோட அந்த வீட்டுப் படி ஏறுவன்? ஒரு பாவமும் அறியாத வீட்டுல பழியப் போட்டுட்டு...

சுல்பிகா: அவ்வளவுக்கு வருத்தப்படாதங்க. நீங்க சொன்ன வீடு சரிதான், ஆள்தான் பிழை. காத்த எறக்குறது அவர்ட பொண்டாட்டி றாஹிலா.