அப்பா அழுகிற படம்

கல்யாணத்துக்குப் போட்டோக்காரரைத் தேர்ந்தெடுப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடச் சிரமம், சித்தப்பா. மாப்பிள்ளை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பிற்பாடு திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். படம் சரியில்லை என்றால் ஆயுசுக்கும் அப்படியேதான். உட்காருங்கள். கோபமாக வந்தவரை நிற்கவைத்துப் பேசினால் நன்றாக இருக்காது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

மூன்று பேரைப் பார்த்தேன். முதல் ஆள், கட்டிக்கொள்ளப் போகிறவரை மரத்தின் பின்னால் ஒளியச் சொல்லி, என்னைத் தேடச் சொன்னார். அவர் உடம்புக்கு எந்த மரத்தின் பின்னாலும் ஒளிய முடியாது. இரண்டாவது ஆள் மண்டபத்துக்குள் பறக்கும் கேமரா விடுவதாகச் சொன்னார். அது மின்விசிறியில் மாட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஆள் அதிகம் பேசவில்லை, ஒரு ஆல்பத்தை என் பக்கம் தள்ளினார். அதில் ஒரு பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் அப்பா அழுகிறார். அவள் யாரோ எவரோ. எனக்கு வயிறெரிந்தது.

"இதே மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்" என்றேன்.

"நான் யாரையும் அழுங்க, சிரிங்கன்னு சொல்றதில்லம்மா. நடந்தா எடுப்பேன். நடக்கலன்னா இல்ல."

நேர்மையான பேச்சு. அவரையே பேசி முடித்தேன். நடக்கவைப்பது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டுக்கடை வைத்திருப்பவர், முகத்தையும் கடைச் சரக்கு மாதிரியே வைத்திருப்பார். நான் பரிசு வாங்கி வந்தால் "சரி", காய்ச்சலில் கிடந்தால் "மாத்திரை போட்டியா", அவ்வளவுதான். என்மேல் பாசமே இல்லையோ என்று சின்ன வயதிலிருந்தே எனக்குப் பயம். ஒரே ஒரு தடவையாவது அவர் எனக்காக அழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் என்ன தப்பு?

முதலில் நல்ல வழியில்தான் முயன்றேன். "நான் போயிட்டா வீடே வெறிச்சுனு ஆயிடும்லப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"காலைல பாத்ரூம் காலியா கெடைக்கும்" என்றார்.

வெங்காயம் நறுக்கக் கொடுத்தேன். வீட்டில் எல்லோரும் அழுதோம், அவரைத் தவிர.

ஆகவே பெரிதாக ஏதாவது வேண்டியிருந்தது. கடையில் திருட்டு என்றால் அழ மாட்டார், போய்ப் பூட்டைத்தான் பார்ப்பார். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது, அம்மா அடுத்த அறையில் உரக்கப் பேசிக்கொண்டிருப்பாள். மிச்சம் நீங்கள்தான். அவர் தூக்கி வளர்த்த தம்பி. "நீ என்ன எனக்கு அப்பாவா" என்று நாலு பேர் முன்னால் நீங்கள் கேட்ட நாளிலிருந்து, வீட்டில் உங்கள் பேரையே எடுக்க விடாதவர் அவர். கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை, அதனால் நீங்கள் திடீரென்று வந்து நிற்கவும் வழியில்லை. இவ்வளவு பொருத்தம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்கூடக் கிடையாது.

கல்யாணத்தன்று காலை அலங்கார அறையில் ஜன்னல் வெளிச்சம் அருமையாக விழுந்தது. போட்டோக்காரர் திரைச்சீலை ஓரமாக நின்றார். அப்பாவைக் கூப்பிட்டு, முகத்தில் வெளிச்சம் படும்படி நிறுத்தி, காதோடு சொன்னேன்.

"அப்பா, சித்தப்பா ராத்திரி தவறிட்டாராம். கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

அவர் ஒன்றுதான் கேட்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டானாம்மா?"

"இல்லப்பா, தூக்கத்துலயே" என்றேன். உங்களுக்கு வலிக்காமல்தான் பார்த்துக்கொண்டேன், சித்தப்பா.

பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். கேமரா சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

உடனே உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மேடைக்கு வந்த பிறகும் அவர் கண் கலங்கியே இருந்தது, படங்கள் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டிருந்தன. என் கல்யாணம் கெட்டுவிடக் கூடாதென்று, யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் "சாப்ட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து உபசரித்தார். விருந்து முடியட்டும், நான் கிளம்புகிற நேரம் வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போய், கடைசிவரை சொல்லவில்லை. நல்ல செய்தி, எப்போது சொன்னாலும் நல்ல செய்திதானே.

நான் காரில் ஏறியதும் அவர் பூ வாங்கிக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்குப் போவார் என்று யார் கண்டது? கதவைத் திறந்ததே நீங்கள். அண்ணன் சமாதானம் பேசத்தான் பூவோடு வந்திருக்கிறார் என்று நினைத்து, கை நீட்டி வாங்கிக்கொண்டீர்களாமே. அப்பா வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். பூவை நீங்கள் வாங்கிக்கொண்ட இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள்.

ஆமாம், உயிரோடு இருந்த உங்களைச் சாகடித்தது நான்தான். ஒரு படத்துக்காகத்தான். ஆனால் இப்போது அண்ணனும் தம்பியும் தினம் பேசிக்கொள்கிறீர்கள். அதற்கு ஒரு நன்றியாவது வரும் என்று பார்த்தால், "அவ என் பொண்ணே இல்லன்னு சொல்லிடு" என்று உங்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

அதையெல்லாம் நம்பாதீர்கள், சித்தப்பா. ஆல்பம் வந்துவிட்டது, அட்டையிலேயே அந்தப் படம்தான். நீங்களே பாருங்கள், பெற்ற பெண்ணைப் பிரிய மனசில்லாமல் மனுஷர் எப்படி அழுகிறார்.