பதினொரு கொப்பி

– தேத்தண்ணி வேண்டாம் மாஸ்டர். முதல்ல இந்தப் புத்தக அட்டையை வாசியுங்கோ. சத்தமாய்.

– இருங்கோ மெற்றில்டா ரீச்சர். மனோர் பார்க்கில இருந்து குட்மேய்ஸ் வரைக்கும் இந்த லண்டன் மழைக்குள்ள வந்திருக்கிறியள், தலை துடைக்கத் துவாய் ஒண்டு தரட்டோ…

– வாசியுங்கோ!

– ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்விச் சஞ்சிகைகள்: ஓர் அகராதி. தொகுப்பாசிரியர் வித்துவான் க. தில்லையம்பலம்.’ காணுமோ?

– காணாது. அந்தப் பதினொரு கொப்பியும் கையால எழுதி நிரப்பின ஆளின்ர பேர் எங்கை?

– இஞ்சை பாருங்கோ ரீச்சர், கொப்பியள் ஒரு உதவி, அவ்வளவுதான். நானும் இஞ்சத்தை லைப்ரறியளில மூலத்தைத் தேடிப் பார்த்து…

– பொய். முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறவுங்கோ. என்ன படம்?

– கரும்பலகையில எழுதிற பெட்டை. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறாம் ஆண்டு. மரத்தில செதுக்கி அச்சடிச்சது.

– அவளின்ர கையில எத்தினை விரல்? எண்ணுங்கோ.

– … ஆறு.

– போஸ்ரன்காரன் செதுக்கினது ஐஞ்சு. யாழ்ப்பாண லைப்ரறியில மெல்லிய ரிசுப் பேப்பரைப் படத்துக்கு மேல வைச்சுக் கீறேக்கை பென்சில் வழுக்கி ஆறாவது விழுந்தது. அழிச்சால் கிழிஞ்சு போம் எண்டு அப்பிடியே விட்டது. மூலத்தை நீங்கள் கண்ணால கண்டிருந்தால் ஆறு விரலை அச்சில விடுவியளோ?

– கத்தாதேங்கோ. என்ர மனிசி நைற் ஷிப்ட் முடிச்சு மேல படுத்திருக்கிறா.

– கத்துவன்! ஒன்பது வருசம் மாஸ்டர்! பள்ளிக்கூடம் விட்டு ஒவ்வொரு பின்னேரமும். அமெரிக்க மிசன்காரர் கப்பலில கொண்டு வந்த மாசப் பத்திரிகையள், தொட்டால் பொடியாப் போற தாள். ஆர் எழுதினது, ஆர் படம் கீறினது, எந்த இதழ், எந்தப் பக்கம், எல்லாம் கையால. எண்பத்தொண்டில லைப்ரறி எரிஞ்சாப் பிறகு எங்கட ஊரில அதுக்கு மிஞ்சினது அந்தக் கொப்பியள் மட்டும்தான்.

– அதைத்தானே நான் காப்பாத்தினனான்! எண்பத்துநாலில வெளிக்கிடேக்கை என்ர வேட்டி சட்டையை வெளியில எறிஞ்சுபோட்டு கொப்பியளைச் சூட்கேசுக்குள்ள அடுக்கினனான். ஆமிக்காரன் ஒவ்வொண்டாய்த் தட்டிப் பார்த்தவன். வேறை ஆர் செய்திருப்பினம்?

– பத்திரமாய் வைச்சிருங்கோ எண்டுதான் தந்தது. விழுங்கி ஏப்பம் விடச் சொல்லித் தரேல்லை. போன வருசம் நான் கேக்கேக்கை என்ன சொன்னனீங்கள்? வீடு மாறேக்கை துலைஞ்சு போச்சு எண்டு!

– பிழைதான் ரீச்சர்.

– பிழையோ? களவு!

– ஓம், களவு! காணுமோ? ஊரில நான் வித்துவான். இஞ்சை பெற்றோல் ஸ்ரேசனில கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருக்கிறன். எட்டு வருசமாய் உங்களைத் தவிர ஒரு சனம் என்னை மாஸ்டர் எண்டு கூப்பிடேல்லை. செத்தாப் பிறகெண்டாலும் ஒரு புத்தகத்தில என்ர பேர் கிடக்கட்டும் எண்டு நினைச்சன்.

– உங்கட பேர் கிடக்கிறதுக்கு இன்னொரு பேரைப் புதைக்கிறதோ?

– சரி. விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டில எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொல்லுறன். ஒரு வரி என்ர இல்லை, எல்லாம் மெற்றில்டா ரீச்சர் எழுதினது எண்டு. அட்டையையும் மாத்தி அடிப்பிக்கிறன். இப்ப சரியோ? … இஞ்சை பாருங்கோ, ஏன் அழுறியள்?

– என்ர பேரைப் போடாதேங்கோ மாஸ்டர்.

– பின்னை ஆரின்ர பேரை?

– என்ர தங்கச்சி றோஸ்மலரின்ர பேரை. அவள்தான் எழுதினவள். இப்ப மடுக்கோயில் அகதி முகாமில இருக்கிறாள். கொப்பியளை ஒளிச்சு வைச்சு, என்ர எண்டு சொல்லி உங்களிட்டைத் தந்துபோட்டு, லைப்ரறியோட எல்லாம் எரிஞ்சு போச்சு எண்டு அவளை நம்ப வைச்சவள் நான்தான்.