அட்டையில் போடக் கூடாத படம்

தலைமை ஏற்றிருக்கும் நாகுமோவின் தமக்கை கசுமி அக்கா அவர்களே, எங்கள் இதழை அச்சிட்டுத் தரும் உதகாவா ஐயா அவர்களே, நாற்காலி போதாமல் ஸ்கேட்போர்டு மேலேயே உட்கார்ந்திருக்கும் ஒசாகா நண்பர்களே, வணக்கம்.

நான் இசோகை நாட்சு. ‘சிராய்ப்பு’ ஸ்கேட்போர்டு இதழுக்குப் படம் எடுப்பவள்.

நம் ஆசிரியர் நாகுமோ ரியோஹெய் போய்விட்டார். இது எழுதி வைத்திருந்த வாக்கியம்தான். சொல்லும்போது வேறு மாதிரி இருக்கிறது.

யார் அவர்? ஆசிரியர் என்கிறோம். எந்த ஆசிரியர் துடைப்பத்தோடு வேலைக்குப் போவார்? நாம் ஓட்டுவதற்கு முன்னால் கண்ணாடிச் சில்லைப் பெருக்கியவர் நாகுமோ! நடைபாதை வெடிப்பைச் சிமெண்டால் பூசியவர் நாகுமோ! காவலாளி வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றியவரும் அவரே.

“ஐயா, இதுதான் கடைசி தடவை.”

“நேத்தும் இதையேதாம்பா சொன்னே.”

“அது நேத்தோட கடைசிங்க.”

காவலாளி சிரித்துவிட்டார். பிறகு துரத்தினார்.

இதழுக்கு ஒரே சட்டம் வைத்திருந்தார். ஸ்கேட்போர்டில் தாவிய ஆள் அந்தப் பலகை மேல் நின்றபடியே தரையில் இறங்கி உருண்டு போக வேண்டும். இல்லையென்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அச்சேறாது. டோக்கியோவிலிருந்து பேர்பெற்ற ஒருவர் தான் தாவிய படத்தோடு வந்தார். படம் பிரமாதம்.

“இறங்கினியா?”

“கிட்டத்தட்ட இறங்கிட்டேண்ணே.”

“கிட்டத்தட்டவுக்கு நம்மகிட்ட பக்கம் இல்லப்பா. வா, சாப்பிட்டுட்டுப் போ.”

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன்.

இப்போது எனக்குப் பின்னால் பாருங்கள். பூக்களுக்கு நடுவே பெரிதாக்கி மாட்டிய படம். பழைய மீன்சந்தைப் படிக்கட்டுக்கு மேலே, கைகளை விரித்து, காற்றில் நாகுமோ. நான் எடுத்தது. அவருடைய கணினியிலிருந்து கண்டெடுத்தது கசுமி அக்கா. காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: “எப்படிப் பறக்கறான் பாருடி! அஞ்சலி இதழுக்கு இதுதான் அட்டை.” உதகாவா ஐயா நாளை அச்சேற்றுகிறார். எனக்கு முன் பேசிய ஒவ்வொருவரும் அந்தத் தாவலைப் புகழ்ந்தார்கள்.

நண்பர்களே, அதில் அவர் இறங்கவில்லை.

பலகை ஒரு பக்கம். அவர் ஒரு பக்கம். அங்கே இருந்தது நாங்கள் இருவர் மட்டும். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நாட்சு, இது வேணாம். இறங்கற அன்னிக்குப் போடலாம்” என்றார். மறுபடி போனோம். மறுபடியும். பிறகு நோய் வந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். “அண்ணே, அந்தப் படத்தைப் போட்டுரட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?”

“உனக்குத் தெரியுமே.”

அப்புறம், “செத்துட்டா எல்லாப் பயலும் நல்லா ஓட்டினவனாயிருவான். என்னை அந்தக் கூட்டத்துல சேத்துராதே” என்றார்.

இருவருக்குத் தெரிந்த விஷயம். இன்று எனக்கு மட்டும். ஓர் உண்மைக்கு ஒரே சாட்சியாக இருப்பது எப்படி இருக்கும், தெரியுமா உங்களுக்கு? சரிதானா என்று கேட்டுக்கொள்ளக்கூட ஆளில்லை. நான் வாயை மூடிக்கொண்டால் அவர் இறங்கிவிடுவார். அவ்வளவு சுலபம். காலையிலிருந்து மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா, நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. “அப்ப அட்டையில என்னத்தடி போடப் போறே?”

படிக்கட்டைப் போடுவோம் அக்கா. வெறும் படிக்கட்டு. ஆள் இல்லாமல். கீழே அவர் பெயர். அங்கே இன்னும் யாரும் இறங்கவில்லை. அதுதான் உண்மை.

இதழ் நிற்காது. ஞாயிறுதோறும் அந்தப் படிக்கட்டின் கீழே கேமராவோடு நிற்பேன். இறங்குகிறவரைப் போடுவேன். விழுகிறவரைக் கைகொடுத்துத் தூக்குவேன், போட மாட்டேன். ஒருவரும் வராவிட்டாலும் நிற்பேன். இது நாகுமோ ரியோஹெய்க்கு நான் தரும் உறுதி.

இப்போது, அக்கா சம்மதித்தால், பின்னால் இருக்கும் படத்தைக் கழற்ற வேண்டும். பெரிய படம். என்னால் தனியாக முடியாது.