குண்டூசி விழுந்தால் கேட்கும் வீடு

— மெதுவாப் பேசுடி. அலமாரி மேல இருக்கு. இப்பதான் கண்ணை மூடிச்சு.

— என் குரலே அப்படித்தான்க்கா, பிறவிக் கோளாறு. ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிடறேன். பூனையைக் கொடுத்தா நேர்ல வந்து பார்க்கணும், அதுதான் எங்க காப்பகத்து விதி. கூடப்பிறந்தவங்கறதுக்காக விட முடியுமா?

— பாரு. தொடாதே.

— அட, சுண்டு! என்னடா இது, எலும்பும் தோலுமா? எங்ககிட்ட இருந்தப்போ தட்டையே நக்கித் தேய்ச்சிடுவியே! அக்கா, இது சாப்பிடுதா இல்லையா?

— பகல்ல சாப்பிடும். மடியிலகூட வந்து படுத்துக்கும்.

— சாயங்காலம்?

— சாயங்காலம் அதுக்குப் பசிக்காது போல. விடு. தண்ணி குடிக்கிறியா?

— தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எத்தனை பேர் இதைக் கேட்டாங்க தெரியுமா? ஒரு வீட்டுல வாண்டுப் பசங்க, ஒரு வீட்டுல நாய். சத்தம் கேட்டாலே நடுங்கற ஜென்மம் இதுன்னு, மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி உனக்கு வாங்கிக் கொடுத்தேன். எங்க அக்கா வீட்டுல குண்டூசி விழுந்தாக் கேட்கும்னு பெருமை வேற பீத்திக்கிட்டேன்.

— கேட்கும்தான்.

— மாமாவுக்கு இதைப் பிடிக்கலையா?

— சத்தம் மட்டும் வரக்கூடாதுன்னார். அவ்வளவுதான்.

— இது வாயைத் திறக்கவே திறக்காதேக்கா!

— கத்தலை. தண்ணிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டுடுச்சு. அவர் படுத்திருந்தார்.

— ஐயையோ. அடிச்சாரா?

— பூனையை ஒண்ணும் பண்ணலை.

— எனக்கு மனசே சரியில்லை. கூடை வண்டியிலதான் இருக்கு. நான் சுண்டுவைத் திரும்பக் கூட்டிட்டுப் போறேன்.

— வேணாம்டி! உன் காலைப் பிடிக்கிறேன், வேணாம். நாள் முழுக்க நான் வாய்திறந்து பேசறது இது ஒண்ணுகிட்டதான்.

— என்னக்கா பேசறே? காலை விடு முதல்ல. எனக்கே பயமா இருக்கு உன்னைப் பார்த்தா.

— ஷ்ஷ்!

— என்ன?

— அவர் வண்டி. தெருமுனை திரும்பிடுச்சு. ஐயோ, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரமா! உன் செருப்பு வாசல்லயா கிடக்கு? நீ வர்றதை நான் அவர்கிட்ட சொல்லலைடி.

— என் அக்கா வீட்டுக்கு வர்றதுக்கு நான் யார்கிட்ட... ஐயோ, சுண்டு! பாருக்கா, பறக்குது! இருட்டுக்குள்ள, நேரா கட்டிலுக்கு அடியில!

— கத்தாதே, கத்தாதே.

— இல்லக்கா, இது தப்பா இருக்கே. பயந்தா இது உயரத்துல ஏறிக்கிற பூனை. எங்க இடத்துல பரண்மேலதான் கிடக்கும், ஏணி போட்டுத்தான் இறக்குவோம். கீழ போய் ஒளிஞ்சு நான் பார்த்ததே இல்லை. இந்த இடத்தை யார் இதுக்குக் காட்டிக் கொடுத்தா?

— நான்தான்டி. கிண்ணம் கவிழ்ந்த அன்னிக்கு நான்தான் முதல்ல அங்க போய் ஒளிஞ்சேன், இது என் பின்னாலயே வந்துடுச்சு. கேட் திறக்கற சத்தம் கேட்குது பாரு, குனி சீக்கிரம். மூணு பேருக்கும் இடம் இருக்கு.