வளைந்த கம்பி

சிம்மக்கல்லில் நான் ஏறிய திருநகர் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கொத்தனார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீசைக்காரர் சொன்னார்: "நம்ம பள்ளிக்கூடம் இப்ப என் வீட்லதான் இருக்கு மாப்ள."

"என்னடா சொல்ற?" என்றார் மற்றவர்.

"கட்டடத்த இடிச்சப்ப நாலு ஜன்னல வாங்கி வீட்டுக்கு வச்சுட்டேன். பழசு எதுக்குன்னு வீட்ல மூஞ்சியத் தூக்குனா. இப்ப அம்புட்டுக் காத்து, ஃபேனே போடுறதில்ல. காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு ஆராய்ச்சிக்கு வந்து வீட்டுக்குள்ள சூட்ட அளந்துட்டுப் போச்சு."

"கிளாஸ்ல இருந்து நான் வளைச்சுத் தப்பிச்ச ஜன்னல் கம்பி?"

"நிமித்தல. யாரு வளைச்சதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. உன் பேரச் சொன்னேன், எழுதிக்கிருச்சு."

மற்றவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பத்தாவது பெயிலு மாப்ள நானு. ஆராய்ச்சியில வந்துட்டேன் பாத்தியா!"