தட்டு காயும் வரை

மேடை என்று நாம் மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளும் இந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் வீற்றிருக்கும் விடுதித் தலைவி இங்க்ரிட் அவர்களே! அண்ணன் டுவேன் அவர்களே! மினசோட்டாப் பனியில் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்து சேர்ந்த பழைய மாணவர்களே! படிக்கட்டில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் இந்நாள் மாணவர்களே! வணக்கம்.

ஈரத் தட்டும் துண்டுமாக இரங்கல் பேச வந்திருக்கிறானே இந்தக் கிழவன் என்று படிக்கட்டில் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். காரணம் வரும்.

மறைந்த நம் தலைவி வெர்னா ஹௌகன் பின்னாளில் மேயர். தலைமைப் பண்பைப் பற்றிப் பேச ஊர் ஊராக அழைக்கப்பட்டவர். அவர் முதன்முதலில் எப்படித் தலைவியானார் தெரியுமா? தேர்தல் நடந்தபோது குளித்துக்கொண்டிருந்தார்! மாணவர்களே நடத்தும் விடுதியில் தலைவர் பதவி யாருக்கு வேண்டும்? அறையில் இல்லாதவர் தலையில் கட்டினோம். சொட்டச் சொட்ட வந்து நின்றவர், "அடப்பாவிகளா! நாலு பேர் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குமே!" என்றார். கைதட்டினோம்.

முதலில் அதட்டல் பாணி. பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் பயிற்சியாளரைப் போலக் கழுத்தில் விசிலோடு வந்தார். ஊதினார். பக்கத்து வீட்டு நாய் மட்டும் வந்தது. அடுத்தது புன்னகைப் பாணி. நூலகத்திலிருந்து எடுத்த ஏதோ புத்தகம் சொன்னபடி, யார் எதைச் சொன்னாலும் "நீங்க சொல்றது புரியுது" என்று தலையாட்டினார். நாங்களும் புரியவைத்துக்கொண்டே இருந்தோம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைக்கும் நம்மூர் ஹாட்டிஷ் அடிப்பிடித்த பாத்திரங்கள், கழுவும் தொட்டியைத் தாண்டி ஜன்னலை மறைத்தன.

சுகாதார அதிகாரி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: நாளைக் காலைக்குள் சமையலறை சுத்தமாகாவிட்டால் விடுதிக்குப் பூட்டு! ஏரியே உறைந்து கிடக்கும் ஜனவரியில் பெட்டியோடு எங்கே போவது? எங்களுக்காவது போக்கிடம் இருந்தது. வேறு இடத்தில் வாடகைக்கு இருக்க வெர்னாவுக்கு வசதியில்லை. விடுதி போனால் அவர் படிப்பும் போச்சு.

கூட்டம் போட்டோம். யார் கழுவுவது? தத்துவம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் டுவேன் எழுந்தார். "முதல்ல அழுக்குன்னா என்னன்னு முடிவு பண்ணுவோம்" என்று ஆரம்பித்தார். அண்ணே, தலையைக் குனியாதீர்கள், நன்றாகத்தான் பேசினீர்கள். மதியம் தொடங்கியவர் பொழுது சாய்ந்தும் நிறுத்தவில்லை. வெர்னா எழுந்தார். ஊதவில்லை. சிரிக்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு தொட்டிக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். விடுவாரா டுவேன்? பின்னாலேயே போனார்.

"வெர்னா, நான் இன்னும் முடிக்கல!"

"யாருப்பா முடிக்கச் சொன்னா? இந்தா, துடைச்சுக்கிட்டே பேசு. தட்டு காயற வரைக்கும் கேக்கறேன்."

"அது காஞ்சிடுச்சே!"

"அப்ப அடுத்த ஆளு பேசட்டும். இன்னும் பேசணும்னா இன்னொரு தட்டு எடுத்துக்க, மகராசா!"

நம் விடுதியில் பேச ஆசைப்படாதவர் உண்டா? தொட்டியிலிருந்து வாசல் வரை வரிசை நின்றது! டுவேன் ஒருவரே பாதி அலமாரியை நிரப்பினார். மறுநாள் அதிகாரி ஒரு தட்டை எடுத்தார், அதில் தன் முகத்தைப் பார்த்தார், மீசையை நீவிக்கொண்டு போய்விட்டார்.

அது எந்தப் பயிற்சியாளரின் பாணி? எந்தப் புத்தகத்தின் பாணி? எதுவுமில்லை, அது வெர்னாவின் பாணி! எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவருக்கு நாக்கு ஒட்டவில்லை. கையில் வேலை இருந்ததால் எங்களுக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. மேயரான பிறகும், மன்றத்தில் வாய்ச்சண்டை முற்றினால், எல்லோரையும் காபிக் கோப்பைகளோடு தொட்டிக்குக் கூட்டிப்போவாராம்.

அந்தத் தொட்டி இனி நம்முடையது. அந்த விதி இனி நம்முடையது. கழுவாத தட்டை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எவரும் கருத்துச் சொல்ல மாட்டோம் என்று இன்று உறுதி எடுப்போம்!

டுவேன் அண்ணே, கையைக் காட்டாதீர்கள். தட்டு காய்ந்துவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் பாருங்கள், கண்ணீர் பட்டு மறுபடியும் நனைந்துவிட்டது. விதிப்படி எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நேரம் இருக்கிறது, நாக்குத்தான் ஒட்டிக்கொள்கிறது. வெர்னா, நீ இல்லாமல் இந்த வீடு நன்றாகவே இல்லையம்மா.

நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அடுத்தவர் வாருங்கள், தட்டு நான் தருகிறேன்.