ஏசிக்குள் கொண்டைக்கடலை

மும்பை சுனாபட்டியில் ரயில் ஏறிய இரண்டு மெக்கானிக்குகள் என் இருக்கைக்கு முன்னால் நின்று பேசினார்கள். தூங்கப் பார்த்த என்னை முதல் வரியே எழுப்பிவிட்டது.

"ஏசி போட்டா கொண்டக்கடல உருளுது மாப்ள."

"எந்த வண்டியில?"

"மாட்டுங்காவுல இருக்காருல்ல நம்ம சாரு, அவரோட பழைய ஸ்போர்ட்ஸ் காரு. ஒரே கடகடன்னு சத்தம், காத்தும் சரியா வரல. பேரிங் போயிருக்கும்னு நெனச்சுக் கழட்டுனேன். காத்தத் தள்ளுத புளோயர் பூரா கடல. எலி கொண்டாந்து சேத்து வச்சிருக்கு."

"அதுக்குக் கடல எங்கருந்துடே கெடச்சுது?"

"சாருதான் தெனம் காலையில வண்டி பக்கத்துல நின்னு புறாவுக்குப் போடுதாரு."

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அந்தக் கடலைய ஒரு பையில போட்டுக் குடுன்னாரு."

"எதுக்கு?"

"நாளைக்குப் புறாவுக்குப் போடணுமாம்."